பச்சையை அடக்குவது எப்படி: நிலக்காட்சிப் படங்களுக்குச் சினிமா நிறம்

மலையிலோ வயல்வெளியிலோ எடுத்த ஒரு படத்தைப் பார்த்து "அப்படியே சினிமா மாதிரி இருக்கு" என்று சொல்கிறோம். எதைப் பார்த்து அப்படிச் சொன்னோம் என்று கேட்டால் பதில் சட்டென்று வராது. ஆனால் அந்த உணர்வைத் தருபவை பிரித்துச் சொல்லக்கூடிய விஷயங்கள்தான். அந்தப் படத்தில் நிறங்கள் குறைவாக இருக்கும். வானத்தின் மிகப் பிரகாசமான பகுதி வெறும் வெள்ளையாக வெளுத்துப் போகாமல் மெல்ல மெல்லக் கரைந்து முடியும். நிழல் நிழலாகவே விடப்பட்டிருக்கும். வெயில் பட்ட இடத்தில் ஒரு சாயல், நிழலில் இன்னொரு சாயல் என்று இரண்டும் பிரிந்து தெரியும்.

இவற்றை எப்படிக் கொண்டுவருவது என்று பார்ப்போம். எடிட்டிங் மென்பொருளை இப்போதுதான் திறந்து பார்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன். உதாரணங்களை லைட்ரூமை வைத்துச் சொல்கிறேன். பலரும் தொடங்குவது அதில்தான். பணம் கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. இங்கே சொல்கிற வேலைகளை அவற்றிலும் செய்யலாம். கருவிகளின் பெயரும் இடமும் மாறும், அவ்வளவுதான்.

பேசுவதற்கு வசதியாக ஒரு படத்தை மனதில் வைத்துக்கொள்வோம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வருகிற வால்பாறை. காலை ஏழு மணி. முன்னால் தேயிலைச் செடிகள், நடுவில் வரிசையாக சில்வர் ஓக் மரங்கள், அவற்றுக்கிடையே வளைந்து போகிற தார்ச்சாலை, பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக மலை மடிப்புகள், அவற்றின் இடுக்கில் மூடுபனி. பக்கவாட்டிலிருந்து இளவெயில் விழுகிறது. நேரில் பார்த்தபோது மெய்மறந்து நின்றிருப்போம். கேமராவில் பார்த்தால் ஒரே பச்சை. கண்ணைக் குத்துகிற, பிளாஸ்டிக் போன்ற பச்சை.

நம் ஊர் நிலக்காட்சிப் படங்கள் சினிமா மாதிரி வராமல் போவதற்கு முதல் காரணம் இந்தப் பச்சைதான் என்பது என் திடமான எண்ணம். வால்பாறை ஆனாலும் சரி, தஞ்சாவூர் வயல் ஆனாலும் சரி, குற்றாலத்துக் காடு ஆனாலும் சரி, படத்தின் பெரும்பகுதியைப் பச்சை பிடித்துக்கொள்கிறது. மற்ற நிறங்களுக்குப் பேச இடமே இருப்பதில்லை. பாலைவனத்திலோ பனிமலையிலோ எடுத்த படங்களுக்காக உருவான பிரீசெட்டுகளை (முன்கூட்டியே சேமித்து வைத்த எடிட்டிங் அமைப்புகளை) நம் படங்களில் போட்டால் சரியாக வராததற்கும் இதுதான் காரணம். அவை பச்சையை எதிர்பார்த்து உருவானவை இல்லை.

இந்த நிறம் எங்கிருந்து வந்தது

பச்சைக்குப் போகும் முன் ஃபிலிமைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. நாம் "சினிமா நிறம்" என்று நினைவில் வைத்திருப்பதில் பெரும்பங்கு ஃபிலிமின் குணம்.

1890-ல் ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இருவர், எவ்வளவு வெளிச்சம் பட்டால் புகைப்படத் தகடு எவ்வளவு கறுக்கிறது என்பதை அளந்து கோடாக வரைந்து வெளியிட்டார்கள். அந்தக் கோடு நேராக இருக்கவில்லை. கீழே, நிழல் பகுதியில் மெதுவாக எழும்புகிறது. நடுவில் செங்குத்தாக ஏறுகிறது. மேலே, வெளிச்சம் மிகுந்த பகுதியில் வளைந்து படுத்துக்கொள்கிறது. ஆங்கில எஸ் எழுத்தைச் சாய்த்து இழுத்தது போன்ற வடிவம். பிற்காலத்தில் வந்த சினிமா ஃபிலிம்களும் இப்படித்தான் நடந்துகொண்டன. வெளிச்சம் கூடக் கூட ஃபிலிம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிரம்பும். அதனால்தான் ஃபிலிமில் எடுத்த சூரிய அஸ்தமனத்தில் சூரியனைச் சுற்றி மஞ்சள் மெதுவாக வெளுத்துக்கொண்டே போகும்.

டிஜிட்டல் சென்சார் இப்படி வளைந்துகொடுக்காது. வெளிச்சம் இரண்டு மடங்கானால் அதன் பதிவும் இரண்டு மடங்காகும். கொள்ளளவு நிரம்பியதும் அதோடு நின்றுவிடும். அதற்கு மேல் வந்த வெளிச்சம் எல்லாம் ஒரே வெள்ளைதான். மேகத்தின் நடுவில் கத்தரிக்கோலால் வெட்டியது போல ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தால், பார்க்கிறவருக்கு உடனே "இது கேமரா படம்" என்று தோன்றிவிடும். ஆகவே நம் முதல் வேலை அந்த எஸ் வளைவைத் திரும்பக் கொண்டுவருவது.

இன்னொரு பங்கு, படம் எடுத்து முடித்த பிறகு நடக்கிற நிற வேலை. நம் ஊர் சினிமாக்காரர்கள் இதை டி.ஐ. என்பார்கள், டிஜிட்டல் இன்டர்மீடியட் என்பதன் சுருக்கம். படத்தின் கடைசியில் ஓடும் பெயர்களில் "கலரிஸ்ட்" என்று வருகிறாரே, அவருடைய வேலை இது. இந்த முறை பரவியதில் 2000-ல் வெளிவந்த "ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?" படத்துக்கு முக்கியமான இடம் உண்டு. நமக்கும் அந்தக் கதை தேவை, ஏனென்றால் அவர்களுக்கு இருந்ததும் பச்சைப் பிரச்சினைதான். வறண்டு புழுதி படிந்த அமெரிக்கத் தென்பகுதியைக் காட்ட வேண்டிய படம். படப்பிடிப்பு நடந்ததோ கோடையில், செடிகொடிகள் செழித்து நின்ற மிசிசிப்பியில். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ், ஃபிலிமைக் கழுவும் ரசாயன முறைகளில் இதைச் சரிசெய்ய முடியுமா என்று சோதித்துப் பார்த்தார். பச்சையை மட்டும் தனியாகத் தொட அவற்றால் முடியவில்லை. கடைசியில் படம் முழுவதையும் ஸ்கேன் செய்து, கணினியில் பச்சையைப் பிடித்துக் காய்ந்த வைக்கோல் மஞ்சளாக மாற்றினார்கள். அன்று அதற்குப் பெரிய ஸ்டூடியோ வேண்டியிருந்தது. இன்று அதே வேலையை ஃபோனில் இரண்டு ஸ்லைடர்களால் செய்கிறோம்.

எடுக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டியவை

முடிந்தவரை ரா ஃபைலாக, அதாவது சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக எடுங்கள். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் உண்டு. 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். நிறத்தை இழுத்து வளைக்கும்போது படிகள் குறைவாக இருந்தால், வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியத் தொடங்கும். இப்போது பல ஃபோன்களிலும் ரா எடுக்கும் வசதி இருக்கிறது.

எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிவாகும் வெளிச்சத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். வானம் வெளுத்துவிட்டால் மீட்க முடியாது. நிழல் கொஞ்சம் இருட்டாக இருந்தால் மீட்கலாம், இல்லாவிட்டால் அப்படியே விடவும் செய்யலாம்.

அப்புறம் நேரம். சூரியன் அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது வெயில் மஞ்சளாகவும், அது எட்டாத இடம் வானத்து வெளிச்சத்தால் நீலமாகவும் இருக்கும். நாம் எடிட்டிங்கில் தேடுகிற நிறப் பிரிவினையை இயற்கையே பாதி செய்து வைத்திருக்கிற நேரம் அது. நண்பகல் பன்னிரண்டு மணிக்கு எடுத்த படத்தை எவ்வளவு உருட்டினாலும் அந்தச் சாயல் வராது. உச்சிவெயிலில் நிழல்கள் செடிகளுக்கு அடியில் ஒடுங்கிவிடுகின்றன, மலையின் மேடு பள்ளம் தட்டையாகிவிடுகிறது. நிறத்தை மாற்றலாம், ஒளி விழும் திசையை மாற்ற முடியாது.

முதலில் வெளிச்சம், அப்புறம்தான் நிறம்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராக நிறத்துக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) முழுக்கக் குறைத்துப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். வால்பாறைப் படத்தில் முன்னால் இருக்கிற தேயிலை, நடுவில் இருக்கிற மரம், தூரத்து மலை மூன்றும் ஒரே சாம்பல் நிறத்தில் தெரிந்தால் வெளிச்சத்தில் வேலை பாக்கி இருக்கிறது. முன்புறம் கருமையாக, நடுப்பகுதி இடைப்பட்ட சாம்பலாக, தூரம் வெளிறியதாகப் பிரிந்து தெரிய வேண்டும். அது தெரிகிற வரைக்கும் நிறத்தைத் தொடாதீர்கள்.

வெளிச்சமான பகுதிகளை மாற்றும் ஹைலைட் ஸ்லைடரை -40 முதல் -60 வரை இறக்கினால் மூடுபனிக்குள்ளும் மேகத்துக்குள்ளும் வடிவம் திரும்பும். அடுத்து ஷேடோ. இங்கேதான் பலருடைய படம் கெட்டுப்போகிறது. நிழலுக்குள் இருப்பதெல்லாம் தெரிய வேண்டும் என்று ஷேடோவை +80, +100 என்று ஏற்றிவிடுகிறார்கள். மரத்தடியும் வெயில் பட்ட இலையும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்துக்கு வந்துவிடும். சினிமா தோற்றத்துக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. நல்ல ஒளிப்பதிவாளர்கள் எதைக் காட்டக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டு விளக்கை அணைக்கிறவர்கள். நீங்களும் ஷேடோவை +10, +15-க்கு மேல் போகாமல் வைத்துப் பழகுங்கள். சில படங்களில் அதைக் குறைக்கக்கூட வேண்டியிருக்கும்.

இனி டோன் கர்வ், அதாவது படத்தின் வெளிச்ச அளவுகளை ஒரு கோட்டை வளைத்து மாற்றும் கருவி. மூலைவிட்டமாக ஒரு கோடு இருக்கும். அதன் இடது முனை முழுக் கறுப்பு, வலது முனை முழு வெள்ளை. கோட்டின் கீழ்க்கால் பகுதியில் ஒரு புள்ளி வைத்துக் கொஞ்சம் கீழே இழுங்கள். மேல்கால் பகுதியில் ஒரு புள்ளி வைத்துக் கொஞ்சம் மேலே தூக்குங்கள். எஸ் வந்துவிட்டது. இப்போது இடது முனையைப் பிடித்து நேர் மேலே மிகச் சிறிதளவு உயர்த்துங்கள். 255-க்கு எட்டு, பத்து என்ற அளவு போதும். கறுப்பு முழுக் கறுப்பாக இல்லாமல் அடர்ந்த சாம்பலாகும். வலது முனையையும் அதே போல 245 அளவுக்கு இறக்கினால் மேகத்தின் வெள்ளை காகித வெள்ளையாக இல்லாமல் மென்மையாகும். ஃபிலிம் தந்த வளைவுக்கு நெருக்கமான ஒன்று இப்போது நம்மிடம் இருக்கிறது. இடது முனையை முப்பது, நாற்பது என்று தூக்கிவிட்டால் படம் நீர்த்துப்போய், வெயிலில் காயவைத்த சுவரொட்டி மாதிரி ஆகிவிடும். டார்க்டேபிள் வைத்திருப்பவர்கள் "சிக்மாய்ட்" என்ற மாட்யூலைத் திறந்தால் அது இந்த எஸ் வளைவைத் தானாகவே போட்டுக்கொடுக்கும்.

ஒயிட் பேலன்ஸ் ஏன் தலைகீழாகத் தோன்றுகிறது

ஒயிட் பேலன்ஸ் என்பது ஒளியின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் சாயலைச் சரிசெய்வது. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளக்கிறார்கள். மெழுகுவர்த்திச் சுடர் 1,900 கெல்வின் அளவில் இருக்கும். பழைய குண்டு பல்பு 2,800, நண்பகல் வெயில் 5,500, மேகமூட்டம் 6,500, வெயில் படாத திறந்தவெளி நிழல் 7,000-க்கு மேல். எண் கூடக் கூட ஒளி நீலமாகிறது.

ஆனால் லைட்ரூமின் டெம்பரேச்சர் ஸ்லைடரில் எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகிறது. இதில் குழம்பாதவர்கள் குறைவு. அந்த ஸ்லைடரில் நாம் வைக்கிற எண், "இந்தப் படம் எடுத்த இடத்தில் ஒளி இந்த நிறத்தில் இருந்தது" என்று மென்பொருளுக்குச் சொல்கிற தகவல். ஒளி 7,500 கெல்வின், அதாவது நல்ல நீலம் என்று சொன்னால், அந்த நீலத்தை ஈடுகட்ட அது மஞ்சளைச் சேர்க்கிறது. 4,000 என்று சொன்னால், ஒளி மஞ்சளாக இருந்திருக்கிறது போல என்று நீலத்தைச் சேர்க்கிறது. இது புரிந்துவிட்டால் அந்த ஸ்லைடர் எந்தப் பக்கம் போகும் என்ற சந்தேகமே வராது.

நிலக்காட்சிக்கு "சரியான" ஒயிட் பேலன்ஸ் தேடி அலைய வேண்டாம். காலை ஏழு மணிக்கு வெள்ளைச் சுவர்கூட வெள்ளையாக இருக்காது, அதை வெள்ளையாக்கினால் காலையே போய்விடும். மனதில் இருக்கும் பொழுதுக்கு ஏற்ப வையுங்கள். இளவெயில் முக்கியம் என்றால் 6,000 பக்கம், மூடுபனியின் குளிர் முக்கியம் என்றால் 4,800 பக்கம். பக்கத்திலேயே இருக்கிற, பச்சை-மெஜந்தா சாயலை மாற்றும் டின்ட் ஸ்லைடரையும் கவனியுங்கள். அடர்ந்த காட்டில் இலைகள் வழியே வடிந்து வரும் ஒளியே பச்சையாகத்தான் இருக்கும். பாறை, சாலை, ஆட்களின் முகம் எல்லாவற்றிலும் அந்தப் பச்சை ஒட்டியிருக்கும். டின்ட்டை மெஜந்தா பக்கம் எட்டு, பத்து நகர்த்தினால் அது விலகும்.

பச்சை

கலர் மிக்ஸரைத் திறந்தால் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, அக்வா, நீலம், ஊதா, மெஜந்தா என்று எட்டு நிறங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஸ்லைடர்கள். ஹியூ என்பது நிறத்தைப் பக்கத்து நிறத்தை நோக்கித் தள்ளுவது. சாச்சுரேஷன் அதன் அடர்த்தி. லூமினன்ஸ் அதன் வெளிச்சம்.

எல்லாரும் முதலில் பச்சையின் ஹியூவைப் பிடித்து இழுப்பார்கள். தேயிலையில் எதிர்பார்த்த அளவு மாற்றம் வராது. ஏனென்றால் புல், வயல், வெயில் பட்ட இலைகள் எல்லாம் நம் கண்ணுக்குத்தான் பச்சை. லைட்ரூமின் கணக்கில் அவற்றில் பெரும்பகுதி மஞ்சளுக்குள் விழுகிறது. பசுமையைத் திருத்த விரும்புகிறவர் முதலில் தொட வேண்டியது மஞ்சள் ஸ்லைடரை. சந்தேகம் இருந்தால் மஞ்சளின் சாச்சுரேஷனை -100-க்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். வயலில் பாதி சாம்பலாகிவிடும். பார்த்துவிட்டு பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

இங்கே இரண்டு வழிகள் பிரிகின்றன. ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

முதல் வழி வெதுவெதுப்பான பச்சை. மஞ்சளின் ஹியூவை -15 முதல் -30 வரை ஆரஞ்சுப் பக்கம் தள்ளுங்கள். பச்சையின் ஹியூவை -30 முதல் -50 வரை மஞ்சள் பக்கம் தள்ளுங்கள். இலைகள் ஆலிவ் பச்சைக்கும் காய்ந்த புல்லின் நிறத்துக்கும் நடுவில் வந்து நிற்கும். மாலை வெயில், அறுவடைக்கு நெருங்கிய வயல், கரிசல் காட்டுப் புல்வெளி இவற்றுக்கெல்லாம் இது நன்றாகப் பொருந்தும்.

இரண்டாவது குளிர்ந்த பச்சை. பச்சையின் ஹியூவை +20 முதல் +40 வரை அக்வா பக்கம் தள்ளுங்கள், மஞ்சளை +10, +20 பச்சைப் பக்கம் தள்ளுங்கள். இலைகள் நீலம் கலந்த அடர்பச்சையாகும். மழை, மூடுபனி, சோலைக்காடு, அதிகாலை ஆகியவற்றுக்கு இது.

எந்த வழியில் போனாலும் அடுத்த இரண்டு அடிகள் பொது. பச்சை, மஞ்சள் இரண்டின் சாச்சுரேஷனையும் -25 முதல் -45 வரை குறையுங்கள். லூமினன்ஸை -10, -20 குறையுங்கள். வெறும் சாச்சுரேஷனை மட்டும் குறைத்தால் பச்சை வெளிறி நோயாளி மாதிரி தெரியும். வெளிச்சத்தையும் சேர்த்துக் குறைக்கும்போதுதான் இலைக்குக் கனம் வரும்.

இந்த இடத்தில் வால்பாறைப் படத்தில் ஒரு மாற்றம் நடக்கும். இதுவரை தெரியாமல் கிடந்த மற்ற நிறங்கள் வெளியே வரும். சாலையோர மண்ணின் செம்மை, மரத்தண்டுகளின் சாம்பல், தொலைவில் கொழுந்து பறிக்கிறவர் தலையில் கட்டியிருக்கும் சிவப்புத் துணி. பச்சை கத்திக்கொண்டிருந்தபோது அந்தத் துணி ஒரு புள்ளிதான். இப்போது கண் நேராக அங்கே போகிறது. அந்தச் சிவப்பைக் கூட்டவே தேவையில்லை. கதாநாயகிக்கு ஒரு நிறத்தில் புடவை கொடுத்துவிட்டு, சுற்றியிருக்கிற சுவர், கதவு, கூட்டத்தின் உடை எல்லாவற்றிலும் அந்த நிறம் வராமல் பார்த்துக்கொள்கிற கலை இயக்குநரின் வேலை இதுதான். நமக்கு செட் போட வசதியில்லை, அதனால் படம் எடுத்த பிறகு செய்கிறோம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஸ்லைடரை -100, +100 என்று கடைசிவரை கொண்டுபோனால் நிறங்கள் சந்திக்கும் விளிம்புகளில் திட்டுத் திட்டாக உடையும். இலையும் வானமும் சந்திக்கிற இடத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே சாம்பல் கோடு தெரிந்தால் கொஞ்சம் பின்வாங்குங்கள்.

வானமும் தூரமும்

நீலத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹியூவை -10, -15 அக்வா பக்கம் நகர்த்தி, சாச்சுரேஷனைக் கொஞ்சம் குறைத்தால் வானத்தின் அஞ்சலட்டை நீலம் போய்விடும். லூமினன்ஸை அதிகம் இறக்கினால் வானத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கிளம்பும். வானம் வெளிறி மங்கலாக இருக்கிறதா? அப்படியே விடுங்கள். வேறு எங்கோ எடுத்த மேகத்தைக் கொண்டுவந்து ஒட்டினால் நிலத்தில் விழுகிற ஒளியோடு அது ஒத்துப்போகாது.

தூரம் இதைவிட முக்கியம். காற்றில் நீல ஒளி அதிகம் சிதறுவதால்தான் தொலைவு மலைகள் நீலமாகவும் வெளிறியும் தெரிகின்றன. ஒவ்வொரு மடிப்பும் அதற்கு முன்னால் இருப்பதைவிட ஒரு படி வெளிறும். தட்டையான படத்தில் ஆழத்தைக் காட்டுவது இந்தப் படிகள்தான். மூட்டத்தை விலக்கும் டீஹேஸ் ஸ்லைடரை +40, +50 என்று ஏற்றினால் மலை தெளிவாகத் தெரியும், உண்மைதான். ஆனால் பத்து கிலோமீட்டர் தூரமும் நூறு அடி தூரமும் ஒன்றாகிவிடும். நான் பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் போவேன். தூரத்து மலைகளுக்கு மட்டும் ஒரு மாஸ்க் (திருத்தம் அந்தப் பகுதியில் மட்டும் படும்படி தேர்ந்தெடுப்பது) போட்டு, டீஹேஸை -5 முதல் -15 வரை குறைத்து, டெம்பரேச்சரைக் கொஞ்சம் நீலப் பக்கம் தள்ளுங்கள். மலைகள் பின்னால் நகரும். முன்புறத் தேயிலைக்கு லீனியர் கிரேடியன்ட் (ஒரு பக்கத்திலிருந்து மெல்ல மறையும் மாஸ்க்) ஒன்று போட்டு எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது). சாலையின் வளைவில், வெயில் விழுகிற இடத்தில் வட்டமான ரேடியல் மாஸ்க் வைத்துக் கால் ஸ்டாப் கூட்டுங்கள். படம் பார்க்கிறவரின் கண் இப்போது இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு, அங்கிருந்து தூரத்துக்கு என்று நடக்கத் தொடங்கும்.

நுணுக்கங்களை அழுத்திக்காட்டும் கிளாரிட்டி ஸ்லைடரை இந்த வேலை முடிகிற வரைக்கும் மறந்துவிடுங்கள்.

நிழலுக்கு ஒரு நிறம், வெயிலுக்கு ஒரு நிறம்

சினிமா நிறம் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிற டீல் ஆரஞ்சு, கடைசியில்தான் வருகிறது. டீல் என்பது மயில்கழுத்துக்குக் கிட்டத்தட்ட வருகிற நீலப்பச்சை. நிறச் சக்கரத்தில் அதற்கு ஏறக்குறைய எதிரே இருப்பது ஆரஞ்சு. எதிரெதிர் நிறங்கள் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று தூக்கிக்காட்டும். மனிதத் தோல் வெளுப்பாக இருந்தாலும் கருப்பாக இருந்தாலும் அதன் நிறம் ஆரஞ்சை ஒட்டியே இருக்கிறது; மாறுவது பெரும்பாலும் வெளிச்ச அளவுதான். பின்னணியை டீல் ஆக்கினால் முகங்கள் தனித்துத் தெரியும் என்பதால் சினிமாவில் இந்தக் கூட்டணி நிலைத்துவிட்டது.

நிலக்காட்சியில் முகம் இல்லையே, அப்புறம் எதற்கு இது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கே அதற்கு வேறு காரணம் இருக்கிறது: வெயில் மஞ்சள், நிழல் நீலம் என்பது இயற்கையிலேயே உள்ளது. நாம் அதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறோம். ஆகவே வெயில் இருக்கிற படத்துக்குத்தான் ஹைலைட்டில் ஆரஞ்சு சேர்க்கலாம். முழு மேகமூட்டத்தில், சூரியனே தெரியாத மூடுபனியில் எடுத்த படத்தின் வெளிச்சப் பகுதியில் ஆரஞ்சைப் பூசினால் அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று கண் தேடும், காரணம் கிடைக்காது. பார்க்கிறவர்களுக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் படம் போலியாகத் தோன்றும். அப்படிப்பட்ட நாளில் குளிர்ந்த நீலப்பச்சை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே குடும்பத்து நிறங்களில் முடிகிற படமும் சினிமாதான்.

லைட்ரூமில் கலர் கிரேடிங் என்ற பகுதியில் ஷேடோ, மிட்டோன், ஹைலைட் என்று மூன்று சக்கரங்கள் இருக்கும். டார்க்டேபிளில் "கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி" இதே வேலையைச் செய்யும். ஷேடோவில் ஹியூ 200 முதல் 215-க்குள், சாச்சுரேஷன் 8 முதல் 15-க்குள் வையுங்கள். ஹைலைட்டில் ஹியூ 35 முதல் 45, சாச்சுரேஷன் 6 முதல் 12. மிட்டோனைத் தொடாமல் விடுங்கள். எண்கள் இவ்வளவு சிறியவையா என்று தோன்றும். கலர் கிரேடிங் சாம்பாரில் பெருங்காயம் போட்டது மாதிரி இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் குறை தெரியும், இருப்பது தனியாகத் தெரியக் கூடாது. பிறகு பேலன்ஸ் ஸ்லைடரை இரண்டு பக்கமும் நகர்த்திப் பாருங்கள். படத்தில் எவ்வளவு பகுதி நிழலாகக் கருதப்படும், எவ்வளவு வெளிச்சமாகக் கருதப்படும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

கிராப், கிரெய்ன், பிரீசெட்

அகலத்திரைப் படங்களின் பொதுவான அளவு 2.39:1. 6000 × 4000 பிக்சல் படத்தை அப்படி வெட்டினால் 6000 × 2510 மிஞ்சும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். மலைத்தொடர் போன்ற கிடைமட்டக் காட்சிக்கு அழகாக இருக்கும். உயரமான மரங்களும் அருவியும் உள்ள படத்தை இதற்காக வெட்டாதீர்கள். ஃபோனில் பார்க்கிறவர்களை நினைத்தால் 16:9 பாதுகாப்பான தேர்வு. 1080 பிக்சல் அகலத்தில் 2.39:1 படத்தின் உயரம் 452 பிக்சல்தான், கட்டைவிரல் அளவுக்குத் தெரியும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை ஒட்டுவது எதையும் சேர்ப்பதில்லை.

ஃபிலிமில் தெரியும் பொடித் துகள்கள் போன்ற கிரெய்னை 15 முதல் 25 அளவுக்குச் சேர்க்கலாம். அழகுக்கு மட்டும் இல்லை. மூடுபனியிலும் வானத்திலும் வரக்கூடிய பட்டைக் கோடுகளை அது உடைத்துவிடும்.

பிரீசெட்டும் லட்டும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லட் என்பது ஓர் அட்டவணை: இந்த நிறம் உள்ளே வந்தால் அந்த நிறத்தை வெளியே கொடு என்பதுதான் அதில் எழுதியிருப்பது. ஒரு பக்கத்துக்கு 33 புள்ளிகள் வைத்த லட்டில் 35,937 வரிகள் இருக்கும். அதற்குப் படத்தில் மரம் இருக்கிறதா, மணல் இருக்கிறதா என்று தெரியாது. சினிமா கேமராவின் லாக் காட்சிகளுக்காகத் தயாரித்த லட்டுகள் நிறையப் புழங்குகின்றன. லாக் என்பது வேண்டுமென்றே வெளிறவைத்துப் பதிவுசெய்யும் முறை. அந்த வெளிறலைச் சரிசெய்யும் காண்ட்ராஸ்டும் (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடு) லட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கும். அதைச் சாதாரணப் படத்தின் மேல் போட்டால் காண்ட்ராஸ்ட் இரண்டு முறை ஏறி நிழல்கள் கரியாகிவிடும். உங்கள் ஒயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் சரிசெய்துவிட்டு, அதன் பிறகு பிரீசெட் போட்டு, அதன் அளவை 40, 50 சதவீதத்துக்குக் குறைத்துப் பாருங்கள். அதிலிருந்து பச்சையையும் மஞ்சளையும் உங்கள் படத்துக்கு ஏற்ப மறுபடி திருத்துங்கள். அப்படிச் செய்தால் பிரீசெட் நல்ல துணை.

சேமிக்கும் முன்

கண் சீக்கிரம் பழகிவிடும். ஒரே படத்தை இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால், டீல் பூசிய மேகம் வெள்ளையாகத் தெரியத் தொடங்கும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, ஜன்னல் வழியே வெளியே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்து பார்க்கிற முதல் இரண்டு விநாடியில் எது அதிகம் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் எல்லாமே கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும்.

ஃபோனில் எடிட் செய்கிறீர்கள் என்றால் டிஸ்ப்ளே அமைப்பில் "விவிட்" என்று இருப்பதை "நேச்சுரல்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். திரை வெளிச்சத்தைப் பாதிக்குச் சற்று மேலே வையுங்கள். முழு வெளிச்சத்தில் எடிட் செய்த படம் மற்றவர்கள் ஃபோனில் இருண்டு போய்விடும்.

ஏற்றுமதி செய்யும்போது நிற வெளி (கோப்பில் எந்த வரம்புக்குள் நிறங்கள் எழுதப்படுகின்றன என்பது) எஸ்ஆர்ஜிபி ஆக இருக்கட்டும். அடோபி ஆர்ஜிபி-யில் சேமித்த படத்தைச் சில செயலிகள் நிறம் மங்கிக் காட்டும். சேமித்த கோப்பை விலை குறைந்த ஏதாவது ஒரு ஃபோனுக்கு அனுப்பிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தேயிலை கறுத்துத் தெரிந்தால் பச்சையின் லூமினன்ஸை ஐந்து, ஆறு கூட்டி, எக்ஸ்போஷரை +0.2 ஏற்றி மறுபடி சேமித்துக்கொள்ளுங்கள்.